ஆறரை அடிக்கு அருகில் உயரம் உள்ளவர் பயிற்சிக்கு எந்த விமானத்தை வாங்கலாம்?

கேள்வி: "என் உயரம் 6 அடி 5 அங்குலம், எடை 105 கிலோ. விமானம் ஓட்டப் பழக, செலவு குறைந்த பழைய விமானம் ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். எல்லோரும் செஸ்னா 150 என்கிறார்கள். எனக்குச் சரிப்பட்டு வருமா?"

பெரும்பாலும் வராது. நான் 6 அடி 4 அங்குலம். நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். என்னைக் கேட்டால் முதலில் பைப்பர் செரோக்கி 140-ஐப் போய்ப் பாருங்கள், அது ஒத்துவராவிட்டால் செஸ்னா 172. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். தரையில் சுவரோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து பாருங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு இந்த அளவு மூன்று நான்கு அங்குலம்கூட வித்தியாசப்படும். உடம்பு நீளம் என்றால் கூரை இடிக்கும். கால் நீளம் என்றால் முழங்கால் இடிக்கும். இரண்டுக்கும் பொருந்துகிற விமானங்கள் வேறு வேறு. அதனால் "அந்த ஆறரை அடிக்காரர் இதைத்தான் ஓட்டுகிறார்" என்று யாராவது சொன்னால், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எனக்குக் கால்தான் நீளம். முதலில் பழகியது ஒரு சின்ன இரண்டு இருக்கை விமானம். தரையில் உட்கார்ந்து பார்த்தபோது நெருக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. சிக்கல் தரையிறங்கும்போதுதான் தெரிந்தது. இடதுபக்கமிருந்து குறுக்குக் காற்று. சக்கரம் தரையைத் தொடப் போகிற நேரத்தில் யோக்கை (விமானத்தைக் கட்டுப்படுத்தக் கையில் பிடிக்கும் சக்கரம்) மார்புப் பக்கம் இழுக்கவும் வேண்டும், காற்று வரும் பக்கம் திருப்பவும் வேண்டும். இழுத்தேன், வந்தது. திருப்பினேன், பாதியில் என் தொடையில் முட்டி நின்றுவிட்டது. காலை ஒதுக்கலாம் என்றால் அந்தக் கால் ரட்டர் பெடலில் (வாலில் உள்ள சுக்கானை அசைக்கும் மிதி) இருக்கிறது. பயிற்றுநர் சட்டென்று கட்டுப்பாட்டை வாங்கி மேலே ஏற்றிவிட்டார். அவர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பறந்த நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ஆகவே எந்த விமானத்தைப் பார்க்கப் போனாலும், யோக் முன்னால் இருக்கும் நிலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வராதீர்கள். விமானத்தில் என்ன காலணி போடுவீர்களோ அதையே போட்டு, பெல்ட்டை இறுக்கி, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். யோக்கை முழுதாகப் பின்னால் இழுங்கள். இழுத்தபடியே இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்கள். அதே நேரத்தில் ஒரு ரட்டர் பெடலை முழுதாக மிதித்து, அதன் மேல்விளிம்பில் இருக்கும் பிரேக்கையும் அழுத்துங்கள். முழங்கால், கீழ்க்கால் எலும்பு, ஷூவின் மேற்புறம் என்று எங்கேயும் எதுவும் தட்டக்கூடாது. ஹெட்செட் பட்டைக்கும் கூரைக்கும் நடுவில் குறைந்தது மூன்று விரல் இடைவெளி வேண்டும் என்பது என் கணக்கு. காற்று குலுக்கும்போது அது தேவைப்படும். இறக்கை மேலே உள்ள விமானமாக இருந்தால் பக்கவாட்டில் பாருங்கள். உயரமானவர்களுக்குக் கண்மட்டத்தில் இறக்கையின் அடிப்பகுதிதான் இருக்கும், ஒவ்வொரு திருப்பத்துக்கும் குனிந்து பார்க்க வேண்டிவரும்.

அடுத்தது எடை. இதைப் பலர் கணக்கில் வைப்பதில்லை. செஸ்னா 150 ஆளும் பெட்ரோலும் சேர்த்துப் பறக்கக்கூடிய உச்ச எடை 1,600 பவுண்டு, அதாவது சுமார் 726 கிலோ. பழைய விமானம் ஒன்றின் வெற்று எடை 500 கிலோவை ஒட்டி இருக்கும். மிச்சம் 226. நீங்கள் 105, பயிற்றுநர் 80 என்றால் பெட்ரோலுக்கும் சாமானுக்கும் சேர்த்து 40 கிலோதான் மிஞ்சும். பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ. மணிக்கு சுமார் 23 லிட்டர் குடிக்கும். பக்கத்திலேயே சுற்றிப் பழகப் போதும். பயிற்றுநர் 95 கிலோ ஆசாமி என்றாலோ, தூரப் பயணப் பயிற்சி என்றாலோ திணறிப்போவீர்கள். 100 குதிரைத்திறன் எஞ்சினை வைத்துக்கொண்டு வெயில் நாளில் உச்ச எடையோடு ஏறுவது மெதுவாகத்தான் நடக்கும். அதற்குப் பின் வந்த செஸ்னா 152-இன் உச்ச எடை 1,670 பவுண்டு. கொஞ்சம் தேவலை, ஆனால் உள்ளே இடம் அதேதான். 150 வாங்குவதென்றே முடிவு செய்தால் 1967 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாகப் பாருங்கள். அந்த வருடம் கதவுகளை வெளிப்பக்கம் வளைத்து, தோளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள்.

செரோக்கி 140 இந்த இரண்டு சிக்கலையும் ஒன்றாகத் தீர்க்கிறது. பெயரில் 140 இருந்தாலும் பெரும்பாலானவற்றில் எஞ்சின் 150 குதிரைத்திறன். உச்ச எடை 2,150 பவுண்டு. தொட்டி நிறைய ஊற்றிய பிறகும் ஆட்களுக்கு 250 கிலோவுக்கு அருகில் மிஞ்சும். பெட்ரோல் மணிக்கு 30 லிட்டரை ஒட்டிப் போகும், அந்தக் கூடுதல் செலவு உண்மைதான். ஆனால் மடங்காத சக்கரம், கோணம் மாறாத புரொப்பல்லர், எந்த மெக்கானிக்குக்கும் பழக்கமான எஞ்சின் என்பதால் பராமரிப்பு எளிது. இன்னொன்று, பழைய செரோக்கிகள் பலவற்றில் கால் பிரேக்கே கிடையாது, கையால் இழுக்கும் பிரேக்தான். பாதம் பெரிதாக உள்ளவர்களுக்கு அது பெரிய நிம்மதி. குறை என்றால் ஒரே கதவு, அதுவும் வலதுபக்கம். நீங்கள் முதலில் ஏறி இடதுபக்கம் நகர வேண்டும், இறங்கும்போது கடைசியாக இறங்க வேண்டும். அவசரத்தில் வெளியேறுவதைத் தரையிலேயே நாலைந்து தடவை செய்து பழகுங்கள். கூரையும் ரொம்ப உயரம் இல்லை. உடம்பு நீளமானவருக்கு அது தட்டலாம்.

தட்டினால் 172-ஐப் பாருங்கள். விலையும் பெட்ரோலும் கூடும், ஆனால் இரண்டு பக்கமும் கதவு உண்டு, இருக்கையும் நன்றாகப் பின்னால் போகும்.

பைப்பர் டொமஹாக் பற்றியும் சிலர் சொல்வார்கள். உள்ளே 42 அங்குல அகலம், இரண்டு கதவு, சுற்றிலும் கண்ணாடி, எனக்குப் பிடித்த விமானம். ஆனால் உச்ச எடை 152 அளவுதான், ஆகவே எடைக் கணக்கு உங்களை விடாது. இறக்கைக்கு 11,000 மணி நேரம் என்று ஆயுள் வரம்பும் உண்டு, லாக்புக்கில் (விமானத்தின் பதிவேடு) அதை முதலில் பாருங்கள். டயமண்ட் டிஏ20-இல் இருக்கை நகராது, பெடல்தான் நகரும். யோக்குக்குப் பதில் ஸ்டிக், அதாவது கால்களுக்கு நடுவில் நிற்கும் கட்டுப்பாட்டுக் கம்பி. நீளக் கால்காரர்களுக்கு அருமை. உட்கார்ந்த உயரம் அதிகமுள்ளவர்களுக்குத் தலை கண்ணாடிக் கூரையில் படும். ஃபிளைட் டிசைன் சிடிஎல்எஸ் 49 அங்குல அகலம், இடத்தைப் பொறுத்தவரை சொர்க்கம், ஆனால் பழைய செரோக்கியின் விலைக்குக் கிடைக்காது.

எதை வாங்கினாலும், குறிப்பாகப் பழைய செஸ்னா என்றால், இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். இருக்கையைப் பூட்ட அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். நாம் இருக்கையைக் கடைசித் துளைக்குத் தள்ளித்தான் உட்காருவோம். அந்தத் துளை தேய்ந்திருந்தால், மேலேறும்போது இருக்கை பின்னால் வழுக்கும், கையில் பிடித்திருக்கும் யோக்கும் கூடவே வரும். உயிர்ப்பலி வாங்கிய கோளாறு இது. இந்தத் தண்டவாளங்களைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கச் சொல்லி அமெரிக்க விமானத் துறை 1987-லேயே உத்தரவு போட்டது. அப்புறம், விமானத்தின் எடை முன்பின் சமமாக இருக்கிறதா என்று எடைச் சமநிலை கணக்குப் போடும்போது, கையேட்டில் இருக்கும் இருக்கைத் தூரம் (ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து இருக்கை வரை) சராசரி ஆளுக்கானது. கடைசித் துளையில் உட்காரும் உங்களுக்கு அது சில அங்குலம் பின்னால் போகும். அந்தத் தூரத்தைப் போட்டு ஒரு தடவை கணக்குப் பாருங்கள்.

தலை ஓர் அங்குலம் மட்டும் இடித்தால் உடனே கைவிட வேண்டாம். மேல்பட்டை மெல்லிதாக உள்ள ஹெட்செட் ஒன்று அதைச் சரிசெய்யலாம். இருக்கையின் பஞ்சைக் குறைப்பதென்றால் அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் வழியாக மட்டுமே செய்யுங்கள். முழங்கால் யோக்கில் இடிக்கிறது என்றால் மட்டும் அந்த விமானத்தை விட்டுவிடுங்கள். உங்கள் உட்கார்ந்த உயரத்தைக் கீழே எழுதினால் செரோக்கியா 172-ஆ என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.