மின்காரா, பெட்ரோல் காரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாசகர், திருநெல்வேலி: நாள்தோறும் 40 கிலோமீட்டர் கார் ஓட்டுகிறேன். சொந்த வீடு. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சென்னை சென்று வருவதுண்டு. நான் பார்த்து வைத்திருக்கும் மின்கார், அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட 3 லட்சம் ரூபாய் அதிகம். இந்தக் கூடுதல் விலை தகுமா?

பதில்: உங்களுக்குத் தகும். நீங்கள் ஓட்டும் தொலைவும், வீட்டிலேயே சார்ஜ் செய்ய முடிவதுமே அதற்குக் காரணம். மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு 80 லிட்டர் வேண்டும்; லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் 8,000 ரூபாய். மின்காருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 200 யூனிட் போதும். ஆனால் கணக்குப் போடும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மின்வாரியம் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் இது 400 யூனிட்டாகி, வீட்டுச் செலவோடு சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டி, உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடும். ஆகவே கூடுதல் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் மாதம் 2,000 ரூபாய்தான். மிச்சமாகும் 6,000 ரூபாயில், நீங்கள் கூடுதலாகக் கொடுத்த தொகை நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் திரும்பிவிடும்.

மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு இதே தொகை திரும்பப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவர் பெட்ரோல் காரையே வாங்கலாம்; 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பிறகு, மின்காருக்கு 5 சதவீத வரியே என்ற சலுகை முன்போல் பெரிதாகத் தெரிவதில்லை. நிறுத்த இடமின்றித் தெருவில் கார் நிற்கும் குடும்பங்களுக்கும், பொது சார்ஜிங் நிலையங்களின் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட வெகுவாக உயர்ந்திருப்பதால், நான் அவசரப்பட்டு மின்காரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

சென்னைப் பயணம் 600 கிலோமீட்டருக்கு மேல். ஏசி போட்டு வேகமாகச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் என்று நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் தொலைவு கிடைக்காது. வழியில் இரண்டு மூன்று இடங்களில், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நிற்க நேரும் என்று எண்ணிப் புறப்படுங்கள். பொங்கலுக்கு முந்தைய நாளில் வரிசையில் காத்திருக்கும் நேரம் தனி.

வாசகர், கோவில்பட்டி: மின்சாரமே நிலக்கரியில்தானே வருகிறது? அப்படியானால் புகை இடம் மாறுகிறதே தவிர, குறைகிறதா?

பதில்: குறைகிறது, ஆனால் விளம்பரங்கள் காட்டும் அளவுக்கு அன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது; மேற்சொன்ன காரில் அது கிலோமீட்டருக்கு 150 கிராம் அளவில் வரும். இந்திய மின்தொகுப்பில், அதாவது நாட்டின் மின்நிலையங்கள் எல்லாம் சேர்ந்து தரும் மின்சாரத்தில், ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் என்பதால், மின்காருக்கு 115 கிராமை ஒட்டி வருகிறது. பேட்டரி தயாரிக்கும்போது வெளியாகும் வாயுவையும் சேர்த்தால், மின்கார் சில ஆண்டுகள் ஓடிய பிறகே முந்துகிறது. பெட்ரோல் காரின் மாசு வாங்கிய நாளில் இருந்ததைவிடக் குறையப்போவதில்லை. மின்காரின் மாசோ, முப்பந்தல் காற்றாலைகளும் கமுதி சூரிய மின்நிலையமும் போன்றவை பெருகப் பெருகக் குறையும். முடிந்தால் வெயில் நேரத்தில் சார்ஜ் செய்யுங்கள்.

வாசகர், வேலூர்: எங்கள் ஊர் வெயிலுக்கு பேட்டரி தாங்குமா?

பதில்: தாங்கும். பெரும்பாலான நிறுவனங்கள் 8 ஆண்டுகள் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகின்றன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி வெப்பத்தை நன்றாகவே தாங்கும். எந்த வகையானாலும் நிழலில் நிறுத்துவது நல்லது. பழைய மின்கார் வாங்குபவர், சில நிறுவனங்களின் வாழ்நாள் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே செல்லும் என்பதை அறிந்து, பேட்டரியின் நிலை குறித்த அறிக்கையைக் கேட்டுப் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.