பதில்: கலாபகோஸ் சின்னக் கப்பல், 14, 17 வயசுப் பசங்க

ஈக்வடாரோட கலாபகோஸ் தீவுகளை ஆகஸ்ட்ல 16 பேர் போற கப்பல்ல சுத்தினா, பசங்களுக்குப் போரடிக்குமான்னு கேட்டிருக்கீங்க. போரடிக்காது, குளிரும், குமட்டும். அதைக் கவனிங்க.

ஹம்போல்ட்ங்கிற குளிர்ந்த கடல் நீரோட்டத்தால அப்போ தண்ணி சுமார் 20 டிகிரிதான். வெட்சூட் (உடம்புச் சூட்டைக் காக்கிற ரப்பர் நீச்சல் உடை) இல்லாம இறங்கினா சீக்கிரமே நடுங்கிப் படகுக்குத் திரும்பிடுவாங்க. 3 மி.மீ. தடிமன்ல முழுநீள உடை வேணும், ஒல்லியான பசங்கன்னா 5 மி.மீ. உயரம், எடையை முன்னாடியே கப்பல்காரங்களுக்கு அனுப்புங்க. தண்ணிக்குள்ள பார்க்கப் போடுற மாஸ்க் மட்டும் சொந்தமா வாங்குங்க: வாரைப் போடாம முகத்துல வச்சு மூக்கால மூச்சை இழுத்தா ஒட்டி நிக்கணும். நழுவினா உள்ளே தண்ணி வரும்.

கப்பல் பெரும்பாலும் ராத்திரியிலதான் தீவு மாறும். கீழ்த்தளத்துல, நடுவுல கேபின் எடுங்க, ஆட்டம் கம்மி. குமட்டல் வந்தப்புறம் மாத்திரை போட்டுப் பெருசா பலன் இல்லை. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும்.

ஃபெர்னாண்டினா தீவு, இசபெலா தீவோட மேற்குப் பக்கம் போற பாதையா எடுங்க. பென்குயின், கடல் உடும்பு பக்கத்துலயே நீந்தலாம். கயாக் (துடுப்புப் போடுற சின்னப் படகு) எல்லாக் கப்பல்லயும் கிடையாது, எழுத்துல உறுதி வாங்குங்க. கரையில வழிகாட்டியை விட்டுத் தனியா ஓட முடியாது, விலங்குகள்கிட்டேர்ந்து 2 மீட்டர் தள்ளித்தான் நிக்கணும். பெரியவனுக்கு இதை இப்பவே சொல்லிடுங்க. பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்ட்லேர்ந்து தலைக்கு 200 டாலர், 12 வயசுக்குக் கீழதான் பாதி. ரொக்கமா வச்சுக்குங்க.