கேள்வி பதில்: பட்டுப்போன கொறங்காடு

கேள்வி: எங்கள் நான்கு ஏக்கர் கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) கொழுக்கட்டைப் புல் அற்றுப்போய், சீமைக்கருவேல் ஏறிவிட்டது. கிளுவை வேலியும் இடையிடையே பட்டுவிட்டது. போன ஐப்பசியில் வைத்த ஒரு வயது வெள்வேலங்கன்றுகள் நூறில் பத்துகூடத் தேறவில்லை. எங்கே தவறு?
- வாசகர், தாராபுரம் வட்டம்

பதில்: கன்றின் வயதுதான் முதல் சந்தேகம். செத்த கன்று ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். ஆணிவேர் கொசுவத்திச் சுருள்போல அடியில் சுற்றிக் கிடந்தால், நாற்றுப் பையிலேயே அதன் கதை முடிந்துவிட்டது; கோடையில் அது ஆழத்து ஈரத்தைத் தேடி இறங்காது. நீளப் பையில் வளர்த்த மூன்று மாதக் கன்று போதும். அதைவிட நல்லது விதையை நேராக ஊன்றுவது. வெள்வேலங்காய் தின்ற ஆடுகளின் பட்டிப் புழுக்கையில் கிடக்கும் விதை நன்றாக முளைக்கும். மரத்து விதையென்றால், கொதித்து இறக்கிய நீரில் போட்டு, இரவு முழுக்க ஆறவிட்டு, குழிக்கு மூன்று ஊன்றுங்கள். மழைநீர் நிற்க, குழிக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறைபோல அரையடிக் கரை வேண்டும். ஏக்கருக்கு இருபது, இருபத்தைந்து மரத்துக்கு மேல் வேண்டாம். நிழல் கூடினால் புல் குறையும்.

ஆனால் வேலி அடைபடாமல் எதை வைத்தாலும் வீண். கிளுவை இலையுதிர்த்து நிற்கும்போதே, கட்டைவிரலைவிடத் தடித்த கிளைகளில் மூன்றரை அடிப் போத்துகளாக, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டுகளாக, வெட்டுங்கள். பட்டையை நகத்தால் கீறினால் பச்சை தெரியவேண்டும். வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் கிடத்தி, மழைக்குச் சற்று முன், கடப்பாரையால் குழி போட்டு, அடிப்பக்கம் கீழாக ஓரடி ஆழம் நட்டு, மண்ணை இறுக மிதியுங்கள். போத்துக்குப் போத்து அரையடி இருந்தால் ஆடு நுழையாது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். தளிர் விட்டதைப் பார்த்து அசைத்துவிடாதீர்கள். தளிர் முந்தும், வேர் பிந்தும்.

சீமைக்கருவேலைத் தரையோடு வெட்டினால் மறுபடி தழையும். ஓரடி ஆழம் தோண்டி வேர்க்கட்டையோடு எடுங்கள்.

கொழுக்கட்டைப் புல் விதை ஏக்கருக்கு மூன்று கிலோ. புதிதாக உருவிய விதை சரியாக முளைக்காது; ஆறேழு மாதம் போனதாக வாங்குங்கள். பஞ்சுபோல் பறக்குமென்பதால் ஈரமணலில் கலந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது தூவி, முள்கிளையால் லேசாக இழுத்துவிடுங்கள். அரை அங்குலத்துக்குமேல் புதைந்தால் மேலே வராது. முதல் வருடம் புல் விதை பிடித்து உதிரும்வரை ஒரு மாட்டையும் விடாதீர்கள். பிறகு காட்டை நான்காகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். கன்றுகளைச் சுற்றிய முள்ளடைப்பு மட்டும், கொழுந்து மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போகும்வரை இருக்கட்டும்.