நாலு பல் பிடுங்கினால் மகளின் முகம் ஒட்டிவிடுமா?

கேள்வி: மகளுக்கு 15 வயது. முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கொஞ்சம் முன்னுக்கும் தள்ளி நிற்கின்றன. கிளிப் போட முன் நாலு பல் பிடுங்க வேண்டும் என்கிறார் டொக்டர். கனடாவில் இருக்கும் என் தங்கச்சியோ, பிடுங்கினால் கன்னம் ஒட்டிக் கிழட்டு முகம் வந்துவிடும் என்று வீடியோ வீடியோவாக அனுப்புகிறாள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அம்மம்மாவின் பொக்கை வாய்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அது வேறு கதை. வயதானவர்களுக்குப் பல் போன இடம் வெறுமையாகவே கிடக்கும். வேலையில்லாத தாடை எலும்பு வருடக்கணக்கில் கரைய, உதடும் கன்னமும் உள்ளே விழும். உங்கள் மகளுக்கு அந்த இடம் சும்மா கிடக்காது. பக்கத்துப் பல்லை அங்கே நகர்த்துவார்கள். பல்லைச் சுற்றியுள்ள எலும்பும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். கன்ன எலும்பு அசைவதேயில்லை.

மாறக்கூடியது உதடு. எவ்வளவு என்பது கணக்கு. வழக்கமாகப் பிடுங்குவது வேட்டைப்பல்லுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப்பல். ஒன்று ஏறக்குறைய 7 மி.மீ. அகலம், மேலே இரண்டு போனால் 14. நெருக்கமாக நிற்கும் பற்களை வரிசைக்குக் கொண்டுவரவே 9 மி.மீ. தேவைப்பட்டால், மிச்சம் 5, அதாவது ஒரு பக்கத்துக்கு இரண்டரை மி.மீ. அதிலும் பின்பற்கள் முன்னே வந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். முன்பல் போகும் தூரம் முழுவதும் உதடு கூடவே போகாது.

அதற்காகத் தங்கச்சி சொல்வதை முழுப் பொய் என்று தள்ளவும் மாட்டேன். உதடு மெல்லியதாய், மூக்கும் நாடியும் எடுப்பாய் உள்ள பிள்ளைக்கு, நெருக்கமும் குறைவாக இருக்கும்போது நாலு பல்லைப் பிடுங்கி முன்பல்லை அதிகம் பின்னுக்கு இழுத்தால் வாய்ப்பகுதி தட்டையாகத் தெரியலாம். இந்தச் சண்டை புதிதுமல்ல. பல்லை வரிசைப்படுத்தும் வைத்தியத் துறையின் முன்னோடி எட்வர்ட் ஆங்கிள் ஒரு பல்லையும் பிடுங்கக்கூடாது என்றார். அவர் மாணவர் சார்ல்ஸ் ட்வீட் அப்படியே செய்து பார்த்து, பிறகு பல் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்ற பலருக்குப் பல் பிடுங்கி மறுபடியும் வைத்தியம் செய்தார்.

பிள்ளையைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் டொக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தார்களா, முன்பல் எத்தனை மி.மீ. பின்னுக்கு வரும், பிடுங்காமல் செய்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். எண்ணில் பதில் வராவிட்டால் இன்னொரு நிபுணரிடம் காட்டுங்கள், அவசரம் ஒன்றுமில்லை.

கம்பி போட்ட புதிதில் சாப்பாடு குறைந்து முகம் மெலியும். பல் பிடுங்கியதால்தான் என்று அப்போது பயப்பட வேண்டாம். நண்டுக்கால் கடிக்காமல் இரண்டு வருடம் இருப்பதுதான் திருகோணமலைப் பிள்ளைக்குப் பெரிய தண்டனை.

இன்னொன்று: பிடுங்கச் சொன்ன பல்லுக்குப் பக்கத்தில் ஆழமான சூத்தைப் பல் இருந்தால், நல்ல பல்லை விட்டு அதை எடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். சில வேளை முடியும்.