உள்விளிம்புத் தேய்மானம்: ஸ்போர்ட்ஸ் கார் வீல் அலைன்மென்ட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: என் காரின் பின் டயர்கள் இரண்டிலும் உள்விளிம்பில் கம்பி தெரிகிறது, வெளிப்பக்கம் புதிது போல இருக்கிறது. நெகட்டிவ் கேம்பர்தான் காரணமா?

பதில்: அந்த டயர்களில் இனி ஓட்டாதீர்கள், அதிவேகத்தில் வெடிக்கக்கூடும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின் டயர் முழு அகலத்தோடு தரையில் பதியவேண்டும் என்பதற்காகவே ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்த்து வைக்கப்படுகிறது; இதுதான் நெகட்டிவ் கேம்பர். அந்தச் சாய்வினால் உள்விளிம்பு சற்று முந்தித் தேயும் என்றாலும், கம்பி தெரியும்வரை அரித்துவிடுவது பெரும்பாலும் டோவின், அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் நேர்த்திசையிலிருந்து உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணத்தின், வேலை. ஒரு சக்கரத்தின் டோ 0.1 டிகிரி விலகியிருந்தாலே, கணக்குப்படி அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறத்தாழ 1.7 மீட்டர் பக்கவாட்டில் உரசிச் செல்கிறது. கேம்பர் எடையை உள்விளிம்பில் ஏற்றிவைத்திருப்பதால் அந்த உரசல் முழுவதும் அங்கேயே விழுகிறது. கம்பி தெரியாத பகுதியில் உள்ளங்கையை டயரின் குறுக்கே இரு திசையிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் டோ தவறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

புது டயர் போட்டு அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்தல்) செய்வதற்கு முன்னால் பின் சஸ்பென்ஷனின் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகளான புஷ்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். நிற்கும் காரில் அளவு சரியாகவே காட்டும். ஆனால் முடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தளர்ந்த புஷ் நெகிழ்ந்து டோவை மாற்றிவிடும்.

கேள்வி: டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்கிறது.

பதில்: காற்று அதிகம். ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து, கதவோரத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றினால் தேய்மானம் சமமாகுமா?

பதில்: முன்னும் பின்னும் ஒரே அளவாக இருந்தால் மாற்றலாம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் அகலமானது என்பதால் அதற்கு வழியில்லை. எப்படியானாலும், இடம் மாற்றுவது காரணத்தைச் சரிசெய்யாது.

கேள்வி: நான் பந்தயத் தடத்தில் ஓட்டுபவன். 3 டிகிரி நெகட்டிவ் கேம்பர் இருந்தும் எனக்கு வெளிவிளிம்புதான் தேய்கிறது. கேம்பரைக் கண்டு மக்களைப் பயமுறுத்தலாமா?

பதில்: கேம்பரை நான் குறை சொல்லவில்லை; டோவைத்தான் சொன்னேன். நீங்கள் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி வளைவில் கழிகிறது. அங்கே கார் சாயும்போது வெளிவிளிம்பின் மீது சுமை ஏறுகிறது. அதே அளவை நேர்ச்சாலையில் தினமும் ஓடும் காருக்கு வைத்தால் பலன் தலைகீழாகிவிடும்.

கேள்வி (அதே உறுப்பினர்): டோவைப் பூஜ்யமாக வைத்தாலும் 3 டிகிரியில் உள்விளிம்பு தேயத்தான் செய்யும். எல்லாப் பழியையும் டோவின் மேல் போடுவது சரியல்ல.

பதில்: தேயும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது மெதுவாகவும் வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளியே படிப்படியாகக் குறையும் சரிவாகவும் தேயும். முதல் கேள்வியாளர் சொன்னது மறுபக்கம் புதிதாக இருக்க ஒரு விளிம்பு மட்டும் அழிந்துபோன நிலை. அவர் கேம்பரை மட்டும் குறைத்துவிட்டு டோவைத் தொடாமல் விட்டால், அடுத்த ஜோடி டயரும் வீணாகும்.

கேள்வி: எனக்கும் உள்விளிம்பு தேய்கிறது. என்ன செய்வது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். புஷ்களை முதலில் பாருங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் மாற்றி 30 மில்லிமீட்டர் தாழ்த்தினேன். இப்போது உள்விளிம்பு தேய்கிறது.

பதில்: மீண்டும் உள்விளிம்பு. தாழ்த்தினால் பெரும்பாலான கார்களில் கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும். மறு அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டக்கூடாது. புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும் நிலையில் முறுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தொங்கவிட்டு முறுக்கியிருந்தால் ரப்பர் எப்போதும் முறுக்கலிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

கேள்வி: கியர் மாற்றும்போது சத்தம் வருகிறது.

பதில்: கியர்பாக்ஸ் தெரிந்த உறுப்பினரிடம் கேளுங்கள்.

கேள்வி: அலைன்மென்ட் செய்தபோது கணினித் திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. பிறகும் ஏன் தேய்கிறது?

பதில்: பச்சை என்பது அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது என்பது மட்டுமே. இடது சக்கரம் வரம்பின் ஒரு கோடியிலும் வலது சக்கரம் மறு கோடியிலும் நின்றாலும் இரண்டும் பச்சைதான். செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாள்களைக் கேட்டு வாங்கி, இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். வேலை நடந்த வரிசையும் முக்கியம்: பின் சக்கரங்களை முடித்த பிறகே முன் சக்கரங்கள், ஒவ்வொரு சக்கரத்திலும் டோ கடைசியாக, ஏனெனில் கேம்பரைத் தொட்டால் டோ நகர்ந்துவிடும். முன் டோவை மட்டும் திருகிவிட்டு வேலை முடிந்தது என்று அனுப்பியிருந்தால், திரும்பச் சென்று பின்பக்க அளவுகளைக் கேளுங்கள்.