கழிவுநீர் நிலையம்: வாசகர் கேள்விகள்

ஏரேஷன் தொட்டி (கழிவுநீருக்குள் காற்றூதும் தொட்டி) முழுக்க நுரை. என்ன மருந்து போடலாம்? – காட்பாடி வாசகர்

என்ன நிறம் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே. வெள்ளை நுரை என்றால் ஸ்லட்ஜ் (கிருமிகள் வாழும் சேறு) இளசு, வெளியேற்றுவதைக் குறையுங்கள். கரும்பழுப்பாய்ப் பிசுபிசுவென்று நின்றால் வயசான ஸ்லட்ஜ். தினம் கொஞ்சமாக வெளியேற்றுங்கள். ஒரே நாளில் பாதியை இறைத்துவிட வேண்டாம். மருந்து எதற்கு? அடுத்த முறை டி.ஓ. (நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்) அளவையும் எழுதுங்கள்.

கரண்டு பில் தாங்கவில்லை. இரவில் காற்றூதும் புளோயரை நிறுத்தலாமா? – அடுக்குமாடிச் சங்கச் செயலாளர், ராணிப்பேட்டை

ராத்திரி முழுக்க நிறுத்தினால் காலையில் நாற்றம்தான் மிஞ்சும். டி.ஓ. லிட்டருக்கு 2 மில்லிகிராமை ஒட்டி இருந்தால் போதும்; 4, 5 என்று நின்றால் புளோயர் வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடியுங்கள். கத்திரி வெயிலில் மட்டும் கை வைக்காதீர்கள். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். நம்ம ஊர் மே மாதம் தெரியாததா?

மழைக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். மேன்ஹோல் மூடியைத் திறந்தால் அரை மணியில் வடிந்துவிடுகிறது. இதில் நிலையத்துக்கு என்ன நஷ்டம்? – சத்துவாச்சாரி வாசகர்

ஐப்பசி வந்தால் இந்தக் கடிதமும் வந்துவிடும். வடிகிறது, சரி. எங்கே போகிறது? பாதாள சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுநீருக்குப் போட்டது, மழைக்கு அல்ல. தெருத் தண்ணீரோடு மணலும் பாலிதீன் பையும் சேர்ந்து வரும். சல்லடை அடைக்கும், மணல் தொட்டி நிரம்பும், பம்பின் இம்பெல்லர் தேயும். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். வரத்து இரண்டு மூன்று மடங்கானால் கிளாரிஃபையர் என்கிற தெளிவிக்கும் தொட்டியின் அடியில் படிந்திருக்க வேண்டிய ஸ்லட்ஜ் மேலே கிளம்பும். தெளிந்து வழிய வேண்டிய விளிம்பில் டிகாக்‌ஷன் மாதிரித் தண்ணீர் கட்டி கட்டியாய் வழியும். போவது அழுக்கு இல்லை ஐயா, அழுக்கைத் தின்னும் கிருமிகள். அவற்றைத் திரும்ப வளர்த்தெடுக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை அரைகுறைத் தண்ணீர்தான் வெளியே போகும்.

மொட்டை மாடிக் குழாயைச் சாக்கடையில் கோத்துவிட்டு "கொத்தனார் சொன்னார்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். அப்புறம், தண்ணீருக்கடியில் திறந்து கிடக்கும் மேன்ஹோல் யார் கண்ணுக்குத் தெரியும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற தெரு அது. மூடியைத் தொடாதீர்கள்.

தோல் பட்டறைத் தண்ணீரையும் நகராட்சி நிலையத்திலேயே விட்டால் என்ன? – பேர்ணாம்பட்டு வாசகர்

கிருமி உப்பைத் தின்னாது. வந்த உப்பு வந்தபடியே வெளியே போகும். தோல் பதனிடும் குரோமியம் கிருமியைக் கெடுக்கும், ஸ்லட்ஜையும் விஷமாக்கும். பட்டறைகளுக்குத் தனியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருப்பது இதற்காகத்தான். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் பட்டறைக் கழிவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்ன பிறகும் இப்படிக் கேட்கிறீர்கள். பாலாறு பட்டது போதாதா?

அடைப்பெடுக்க ஒரே ஒரு தடவை ஆளை இறக்கலாமா? – ஆற்காடு வாசகர்

கூடாது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். உள்ளே விஷவாயு, முதல் மூச்சிலேயே ஆள் சாய்வார், தூக்கப் போனவரும் சாய்வார். மெஷினைக் கூப்பிடுங்கள்.

எம்.எல்.எஸ்.எஸ். (ஏரேஷன் தொட்டி நீரில் கலந்திருக்கும் ஸ்லட்ஜ்) லிட்டருக்கு 3000 மில்லிகிராம். லிட்டர் ஜாடியில் அரை மணி கழித்தும் ஸ்லட்ஜ் 900 மில்லியில் நிற்கிறது. – ஆபரேட்டர், குடியாத்தம்

எண்ணோடு எழுதிய ஒரே ஆள் நீங்கள்தான். எஸ்.வி.ஐ. (படிந்த ஸ்லட்ஜ் கிராமுக்கு எத்தனை மில்லி இடம் பிடிக்கிறது என்ற கணக்கு) 300 வருகிறது, 150 தாண்டினாலே உஷாராக வேண்டும். அதே ஸ்லட்ஜில் பாதிக்குப் பாதி தெளிந்த நீர் கலந்து மறுபடி ஜாடியில் வையுங்கள். சட்டென்று இறங்கினால் ஸ்லட்ஜ் அதிகம், வெளியேற்றுங்கள். அப்போதும் இறங்க மறுத்தால் ஸ்லட்ஜைப் படியவிடாத நூல் கிருமி, முதலில் டி.ஓ.வைப் பாருங்கள்.

சுத்திகரித்த நீரைத் தோட்டத்துக்கு விடலாமா? – வாலாஜா வாசகர்

குளோரின் போட்ட நீர் என்றால் தென்னைக்கு விடலாம். கீரைக்கு வேண்டாம்.