லிண்டலோடு நின்ற வீடுகள் – கடிதம்

ஐயா,

நிதி ஆயோக் கணக்கில் தமிழகத்தின் பல்பரிமாண வறுமை (வருமானத்தை அல்ல, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் பார்த்துச் சொல்வது) 2.20 சதவீதம்தான். வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஊரிலோ கலைஞரின் கனவு இல்லம் என்ற அரசு வீட்டுத் திட்டத்தில் ஆணை வாங்கிய வீடுகள் சில, கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தோடு நிற்கின்றன. எதை நம்புவது? தவணைப் பணத்தைக் குடித்தே அழிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ச.

அன்புள்ள ச.,

இரண்டையும் நம்புங்கள். அந்தக் கணக்கு 2019-21 குடும்பநல ஆய்வை வைத்துப் போட்டது. அதன் 12 குறியீடுகளில் வீடும் ஒன்று. தரை மண்ணா, கூரை ஓலையா என்று பார்க்கும், கடனைப் பார்க்காது.

குடி பற்றி எழுதினீர்களே, அது சோம்பேறித்தனமான வரி. ஒவ்வொரு மட்டமும் முடிந்து, அதைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றிய பிறகு வருகிற தவணைப் பணம் அது. வரும் முன்பே ஜல்லிக்கடைக்கும் மேஸ்திரிக்கும் சொல்லியாகிவிட்டது. குடிக்க அதில் என்ன மிச்சம்?

வீடு பாதியில் நிற்கக் காரணம் கடக்காலில், அதாவது அஸ்திவாரத்தில், இருக்கிறது. தொகை 3.50 லட்சம், அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் கூரைத் தளம். கடக்கால் தோண்டும் அன்று மச்சான் ஒருவர் வந்து நின்று, "தோண்டறதே தோண்டற, இன்னொரு ரூமும் சேத்துப் போடு" என்பார். 360 என்பது 500 ஆகும். கருங்கல் கூடும், மண் நிரப்புவது கூடும், பெல்ட் காங்கிரீட் கூடும். தவணை மட்டும் கூடாது. பேஸ்மட்டத்திலேயே கை காலி. மூன்று வட்டிக்கு 50,000 வாங்கினால் மாதம் 1,500. வேலை ஒன்றரை வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 27,000. 300 சதுர அடிக்கு நாலு அங்குலத் தளம் போட ஏறக்குறைய 225 கிலோ கம்பியும் 24 மூட்டை சிமெண்டும் வேண்டும். அவற்றுக்கு வைத்திருக்க வேண்டிய காசு வட்டிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

அறை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தப் பக்கம் பிறகு அறை வருமோ, அந்தச் சுவரில் வாசல் அகலத்துக்கு இப்போதே லிண்டல் போட்டு, கீழே செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். மகன் சம்பாதிக்கும்போது பிரித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, மனையில் இடமிருந்தால் குடிசையைப் பிரிக்காமல் பக்கத்தில் கட்டுங்கள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு வீடுதான் வேலையிடம். தூள் நனையாமல் உட்கார இடம் போனால் அந்த வாரக்கூலியும் போகும்.

தளம் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறதென்று ஐந்தாம் நாளே பிரிக்கிறார்கள். வேலூர் வெயிலில் அது தற்கொலை. தளத்தில் பாத்தி கட்டிப் பத்து நாளாவது தண்ணீர் நிற்கட்டும். முட்டுகள் பதினான்கு நாள் இருக்கட்டும்.

உங்கள் ஊரில் புதிதாக ஆணை வாங்கியவர்கள் இருப்பார்கள். கடக்கால் தோண்டுமுன் டேப்போடு போய் நூல் கட்டியிருக்கும் அளவைப் பாருங்கள். மச்சானை டீக்கடைக்கு அழைத்துப் போய்விடுங்கள்.